பழைய கார்: ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? மேடவாக்கம், சிறுசேரி, வால்பாறைக் கணக்கு

கேள்வி இதுதான். வீடு மேடவாக்கத்தில், வேலை சிறுசேரி சிப்காட்டில். ஒரு வழிக்கு 18 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். சொந்த ஊர் பொள்ளாச்சி, மாமனார் வீடு வால்பாறை. வருஷத்துக்கு நாலைந்து தடவை அந்தப் பக்கம் போக வேண்டும். மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் பாலம் ஏறும்போது வண்டி பின்னால் உருளும் என்ற பயத்தில் ஓட்டுவதில்லை. பட்ஜெட் ஆறு லட்சத்துக்குள். பார்த்து வைத்திருக்கும் வண்டிகள் மூன்று: 62,000 ஓடிய 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல், சிங்கிள் ஓனர்; 48,000 ஓடிய 2017 பலேனோ சிவிடி, இரண்டாவது ஓனர்; டெல்லி நம்பரில் ஒரு டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், மற்ற இரண்டையும் விட விலை குறைவு. எதை எடுப்பது?

மூன்றாவதை இப்போதே விட்டுவிடுங்கள். பலேனோவின் சர்வீஸ் வரலாறு கைக்கு வந்து, நான் கீழே சொல்லும் ஓட்டத்தில் அது தேறினால் அதை எடுங்கள். வரலாறு கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் நடுவில் இரண்டு வருஷம் காணவில்லை என்றால் ஸ்விஃப்ட். ஏன் என்பதுதான் நீளமான பகுதி.

புதுக் காரில் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பது வசதியும் காசும் சம்பந்தப்பட்ட கேள்வி. பழைய காரில் அது வேறு கேள்வியாகிவிடுகிறது. மேனுவல் வண்டி தன் நோயை ஓட்டுகிறவரின் காலிலும் கையிலும் சொல்லிவிடும். கிளட்ச் மேலே வந்து பிடிக்கும், இரண்டாவது கியர் கரகரக்கும், ரிவர்ஸ் விழ அடம் பிடிக்கும். பத்து நிமிஷத்தில் பாதி தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. எண்ணெய் சூடாகும் வரை நல்ல பிள்ளையாக ஓடும், நாற்பதாவது நிமிஷம் சோழிங்கநல்லூர் சிக்னலில்தான் வேலையைக் காட்டும். விற்கிறவர் கொடுக்கும் டெஸ்ட் டிரைவோ தெரு முனை வரைக்கும்தான். அதனால் பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர், கியர்பாக்ஸை விட அதற்கு முன் அதை வைத்திருந்த ஆளைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, ஆட்டோமேட்டிக் என்பது ஒரே சாமான் இல்லை. நம் ஊரில் பழைய வண்டிச் சந்தையில் நான்கு வகை கிடைக்கின்றன. நான்கும் வயதாகும் விதம் வேறு வேறு.

அதிகம் கிடைப்பது ஏஎம்டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் வந்து, சாதாரண பட்ஜெட்டுக்கு ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது இதுதான். மாருதி இதை ஏஜிஎஸ் என்கிறது. அதற்குப் பிறகு ஆல்டோ கே10, வேகன்ஆர், டியாகோ, க்விட் என்று வரிசையாக வந்தது. 2018 ஸ்விஃப்டிலும் உண்டு. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் மட்டும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றுக்குட்டி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போடுவது மாதிரி. அதனால்தான் கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வரும். அது கோளாறு இல்லை, அதன் குணம். மைலேஜ் மேனுவலுக்குச் சமமாகவே இருக்கும். அந்த முதல் செலேரியோவுக்கு மேனுவல், ஏஎம்டி இரண்டுக்குமே லிட்டருக்கு 23.1 என்றுதான் கம்பெனிக் கணக்கு. கிளட்ச் தேய்ந்தால் மாற்றலாம், லட்சம் ஆகாது. ஆனால் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது தெரியாத ஒர்க்‌ஷாப்பில் புது பிளேட் போட்டும் வண்டி உதறும். பிறகு, இதில் பார்க்கிங் நிலை கிடையாது. ஹேண்ட் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சிவிடி என்பது பலேனோவிலும், ஹோண்டா சிட்டி, ஜாஸ், அமேஸிலும் இருப்பது. இதில் படிப்படியான கியர்களே இல்லை. இரண்டு புல்லிகளும் ஒரு உலோக பெல்ட்டும்தான். நெரிசலில் இதைப் போல வழுக்கிக்கொண்டு போகும் வண்டி இந்த விலையில் வேறு இல்லை. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் மட்டும் இன்ஜின் முதலில் சத்தம் போடும், வேகம் சற்றுத் தாமதித்து வரும். இதன் உயிர் அதன் எண்ணெயில் இருக்கிறது. சிவிடிக்கென்று தனி ஃப்ளூயிட் உண்டு. கண்ட ஆயிலையும் ஊற்றக்கூடாது. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன தூரத்தில் மாற்றியிருந்தால் நிம்மதியாக ஓடும். மாற்றாமல் பெல்ட்டும் புல்லியும் தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள், அந்தத் தொகை இந்த விலை காருக்குத் தாங்காது.

டார்க் கன்வெர்ட்டர் பழைய முறை, கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்துவது. கிராண்ட் ஐ10, பழைய எர்டிகா, சியாஸ் இவற்றில் இருந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக் இதுதான். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், வேகமெடுக்கச் சோம்பல் படும், ஆனால் உழைப்பாளி. பொறுமையாக ஓட்டுகிற வயதானவர்களுக்கு யாராவது பழைய ஆட்டோமேட்டிக் கேட்டால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நான்காவது டூயல் கிளட்ச். ஓட்ட இதைப் போல இன்பமான கியர்பாக்ஸ் இல்லை, அதை மறுக்க முடியாது. இரண்டு கிளட்ச்; ஒன்று இப்போதைய கியரைப் பிடித்திருக்கும்போதே அடுத்த கியர் இன்னொன்றில் தயாராக நிற்கும். நம் ஊரில் சின்ன கார்களில் வந்தவை பெரும்பாலும் உலர் கிளட்ச் வகை. எண்ணெயில் குளிக்காத கிளட்ச் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். மே மாதம், ஓஎம்ஆர், மெட்ரோ வேலைக்குக் குறுக்கிய சாலை, பம்பர் டூ பம்பர் என்று நினைத்துப் பாருங்கள். கிளட்ச் தொகுப்போ, அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டோ போனால் செலவு லட்சத்தைத் தொடலாம். வாரண்டியில் இருக்கும்போது ஓட்டி மகிழ வேண்டிய வண்டி அது. பழசான பிறகு, அதுவும் முன்கதை தெரியாமல், வேண்டாம்.

டெல்லி நம்பர் என்பது தனித் தலைவலி. அங்கே டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று கெடுபிடி வந்ததிலிருந்து வண்டிகள் விலை இறங்கி தெற்கே வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று), அதாவது படிவம் 28 வாங்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். வரி, ஏஜென்ட், அலைச்சல் எல்லாம் சேர்த்தால் விலையில் தெரிந்த லாபம் கரைந்துவிடும். அதற்கு மேல், அது அங்கே எங்கே சர்வீஸ் ஆனது என்று இங்கிருந்து விசாரிக்க உங்களுக்கு ஆள் இல்லை.

சரி, பலேனோவைப் பார்க்கப் போகும் நாளுக்கு வருவோம். காலையில் போங்கள். வருவதாக ஒரு நேரம் சொல்லி, அரை மணி முன்னதாகப் போய் நின்றால் இன்னும் நல்லது. போனதும் முதல் வேலை பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினில் தெரிய வேண்டிய புகையும் சத்தமும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அப்படியானால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சங்கடப்பட வேண்டாம்.

ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து (என்) டிரைவுக்கும் (டி), நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கும் (ஆர்) நாலைந்து தடவை மாற்றுங்கள். லேசான அசைவு சரி. ‘டங்’ என்று அடி விழுந்தாலோ, லீவர் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி ‘பிடித்தாலோ’ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிறகு சமதளத்தில் டி போட்டு பிரேக்கை விடுங்கள்; ஆக்சிலேட்டர் இல்லாமலே மெதுவாக நகர வேண்டும். நகரும்போது மாட்டு வண்டி மாதிரி உதறல் இருந்தால் அது சிவிடியில் கெட்ட அறிகுறி. இஞ்சின் ஆயில் பார்க்கும் குச்சியைக் காட்டி ‘கியர் ஆயிலும் சூப்பர் சார்’ என்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஓட்டம். ஏசி போட்டு, குறைந்தது முக்கால் மணி நேரம். அதில் ஒரு பகுதி நெரிசலாக இருக்க வேண்டும், ஒரு பகுதி பாலமாக. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள், முடிந்தால் ரிவர்ஸிலும் ஒரு சின்ன மேடு ஏற்றுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்து 60, 70க்குப் போகும்போது டேக்கோமீட்டர் முள் அலைபாயக்கூடாது. சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வேகத்தோடு ஏறினால் பேரிங்கை சந்தேகப்படுங்கள். ஓட்டம் முடிந்து, சூடாக இருக்கும்போதே அந்த என்–டி, என்–ஆர் சோதனையை மறுபடி செய்யுங்கள். காலையில் தேறிய வண்டி இப்போது அடி கொடுத்தால், காலைக்கணக்கு செல்லாது.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போக முடிந்தால் கூலி பார்க்காதீர்கள். அவர் கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ரெடினெஸ் மானிட்டர்களையும், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியலையும், பார்க்கச் சொல்லுங்கள். குறியீடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ அவை முழுமையாகாமல் நிற்கும். வண்டி கொஞ்ச நாள் பல விதமாக ஓடிய பிறகுதான் நிரம்பும். ‘குறியீடு எதுவும் இல்லை’ என்று திரையில் வந்து, மானிட்டர்களும் காலியாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்னால் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.

48,000 கிலோமீட்டர் என்ற எண்ணை நம்ப வேண்டாம், சரிபாருங்கள். மீட்டரைக் குறைப்பது இன்று லேப்டாப் வேலை. ரிஜிஸ்டர் நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஓனர் கூட இருக்கும் பட்சத்தில், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று எடுத்துக் கொடுப்பார்கள். சிவிடி ஃப்ளூயிட் மாற்றியதும் அதில்தான் தெரியும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. 48,000 ஓடிய வண்டியில் நாலு டயரும் புதிதாக மாற்றியிருந்தால் காரணம் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் ரப்பர்தான் பொய் சொல்லாது. எல்லா வேலையும் அதற்குத்தான். வழவழவென்று தேய்ந்த ரப்பரும் பளபளக்கும் ஸ்டீயரிங்கும் இருந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யோசியுங்கள். ‘டாக்டர் ஓட்டின வண்டி சார்’ என்பதற்கு நான் தனியாக மதிப்பெண் போடுவதில்லை. சென்னையில் விற்கிற பாதி வண்டியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் 2017 மாடல் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குத் தப்பியது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குத் தப்பியதா என்பதுதான் கேள்வி. பள்ளிக்கரணை, மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் நின்ற வண்டி என்றால் கூடுதல் கவனம். சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் அங்கே போக மாட்டார்கள், சேற்றுக் கோடு இருந்தால் அடியில் தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் துரு, மண் பாருங்கள். முன் சீட்டுக்குக் கீழே, சீட் நகரும் இரும்புத் தடத்தைத் தடவிப் பாருங்கள். மேனுவல் வண்டி நனைந்தால் இன்ஜினையும் வயரிங்கையும் பார்த்துச் சமாளிக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரும் சென்சார்களும் சேர்ந்து நனைந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் அந்த ஈரம் பில்லாக வரும். பழைய இன்சூரன்ஸ் காப்பியில் க்ளெய்ம் எதுவும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். கிளட்ச் பிடிக்கும் இடம் பெடலின் மேல் முனைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு காலியான சாலையில் நாலாவது கியரில் 40க்கு வந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் இரைச்சல் ஓடி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. அது கிளட்ச் செட் செலவு. அதை விலையில் கழித்துப் பேசலாம், வண்டியையே ஒதுக்க வேண்டியதில்லை. இதுதான் மேனுவலின் பெரிய பலம்: கெட்டாலும் தெருவில் உள்ள மெக்கானிக்கிடம் முடியும். தாராபுரத்தில் நின்றாலும் ஆள் கிடைப்பார். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக்கை அப்படித் தள்ள முடியாது, ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். சிவிடி நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன் சக்கரம் தரையில் படாமல், லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வால்பாறைக்கு ஆட்டோமேட்டிக் சரிப்படுமா என்பது உங்கள் பெரிய கவலை. ஆழியாரிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றம் பிரச்சினையே இல்லை. எதிரே அரசு பஸ் இறங்கி வந்து, வளைவின் கழுத்தில் நீங்கள் நின்று, மறுபடி எடுக்க வேண்டிய அந்த இடம்தான் மேனுவலில் வியர்க்க வைப்பது. சிவிடியும் டார்க் கன்வெர்ட்டரும் அங்கே தானாகவே கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சரிவு அதிகமென்றால் ஹேண்ட் பிரேக் துணை. ஏஎம்டியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் வசதி இல்லாத மாடலில் வண்டி பின்னால் போகும். அதைத் தடுக்க ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நிற்பவர்கள் கிளட்ச்சை எரிக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, எடுக்கும்போது விடுங்கள்.

இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. டியில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி 40 வளைவும் இறங்கினால் அட்டகட்டி தாண்டுவதற்குள் பிரேக் வாசனை வரும். சிவிடியில் எல் அல்லது எஸ் என்று ஒரு நிலை இருக்கும், ஏஎம்டியில் எம் போட்டு இரண்டாவது கியரில் வைக்கலாம். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும். டெஸ்ட் டிரைவிலேயே அந்த நிலை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் வாங்கி ஒரு வருஷம் அதைத் தொடவே மாட்டார்கள்.

பெட்ரோல் செலவைப் பற்றி வீட்டில் பேச்சு வரும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாளைக்கு 36 கிலோமீட்டர், மாதம் 800 என்று வையுங்கள். அந்த நெரிசலில் ஸ்விஃப்ட் 14 கொடுத்து பலேனோ சிவிடி பன்னிரண்டரை கொடுக்கிறது என்று வைத்தாலும், 57 லிட்டருக்கும் 64 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான். மாதம் 700 ரூபாய். இடது முழங்காலுக்கு அது அதிகமில்லை என்பது என் கட்சி.

உங்கள் மனைவி ஓட்டுவார் என்பதுதான் என்னை ஆட்டோமேட்டிக் பக்கம் தள்ளும் முக்கியக் காரணம். ஸ்கூட்டருக்கு இருப்பதைப் போல ‘கியர் இல்லாத’ தனி லைசென்ஸ் நம் ஊரில் காருக்கு இல்லை. அவரிடம் இருப்பதே போதும். முதல் வாரம் மட்டும் இடது காலை வேலைக்கு விடக்கூடாது. மேனுவல் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்தால் வண்டி குத்திட்டு நிற்கும், பின்னால் வருகிறவர் இடிப்பார். காலியான மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இந்த இரண்டுமே தேறவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ஏஎம்டி போட்ட 2018 ஸ்விஃப்ட் அல்லது வேகன்ஆர் தேடுங்கள். புதிதாக விற்றபோதே மேனுவலை விட ஏறக்குறைய அரை லட்சம்தான் கூடுதல், பழையதில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். தலை ஆடுவதைப் பொறுத்துக்கொண்டால், கெட்டால் பயமுறுத்தாத ஆட்டோமேட்டிக் அது ஒன்றுதான்.

பணம் கொடுக்கும் முன் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், எச்பி (லோன் கொடுத்தவரின் அடமானப் பதிவு) நிலுவையில் இருக்கிறதா, இ-சலான் பாக்கி உண்டா என்று பார்த்துவிடுங்கள். லோன் முடிந்தும் எச்பி கேன்சல் ஆகாமல் இருந்தால், பேங்க் என்ஓசியும் படிவம் 35ம் வாங்கி அதை முடித்த பிறகு மீதித் தொகை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள். பலேனோ இரண்டாவது ஓனரிடம் என்கிறீர்கள். ஆர்சியில் அவர் பெயர்தான் இருக்கிறதா, இல்லை முதல் ஓனர் பெயரிலேயே கன்சல்டிங்காரர் (பழைய வண்டித் தரகர்) கையில் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்ற உங்களுக்கு 30 நாள், இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க 14 நாள். நோ க்ளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், அதனால் கொஞ்சம் பிரீமியம் கூடும். சிவிடிதான் எடுக்கிறீர்கள் என்றால், ரெக்கார்டில் என்ன எழுதியிருந்தாலும், முதல் வால்பாறைப் பயணத்துக்கு முன்பே அந்த ஃப்ளூயிட்டை ஒரு தடவை புதிதாக மாற்றிவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், நீங்கள் விற்கும் நாளில் அடுத்தவர் அதைத்தான் கேட்பார்.